பதினோரு ஓட்டு

பதினோரு ஓட்டில் தோற்றவள் நான்.
நாலாவது வார்டு, கைஉருளைச் சின்னம்.
ஜெயித்தவள் தில்ஷாத். பூட்டு சாவி.
ஐந்து வருடம் அவள் வாசலைக் கடக்கும்போது
மறுபக்கம் பார்த்தே நடந்தேன்.
அந்தப் பதினோரு பேர் யாரென்று
ரேஷன் வரிசையில் முகம் முகமாய்த் தேடினேன்.
அடுத்த தடவைக்கென்று
பீடி சுற்றிய கூலியில் சீட்டுக் கட்டினேன்.

அடுத்த தடவை வரவில்லை.
தனி அலுவலர் வந்தார்.

ஆறு மாதம் என்றார்கள்.
பிறகு இன்னொரு ஆறு மாதம்.
பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில்
தலைவர் பெயர்மேல் தாள் ஒட்டினார்கள்;
மழைக்குப் பசை விட்டு
பாதிப் பெயர் எட்டிப் பார்க்கிறது.

கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன்.
காசுக்குக் கை நீட்டுவதில்லை.
பத்தொன்பது ஊருக்கு ஒரே பச்சைக் கையெழுத்து,
எங்கள் ஊருக்கு ஒன்றுவிட்ட வியாழக்கிழமை.
சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு
கோப்பை எழுத்து விடாமல் படிக்கிறார்.
எங்கள் தெரு மோட்டார் எரிந்து
நாற்பது நாள் ஆனது
கோப்பில் இல்லை.

நேற்று பேரணாம்பட்டு ஒன்றிய ஆபீசில்
மனுவோடு உட்கார்ந்திருந்தேன்.
அதே பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள்
தில்ஷாத். கையில் அதே மோட்டார்.

"நீங்க யாரும்மா?"
"நாலாவது வார்டு மெம்பர் சார்," என்றாள், பழக்கத்தில்.
"வார்டு மெம்பரே இப்ப கிடையாதேம்மா."
என் பக்கம் திரும்பினார்.
"நான் இவளுக்கு எதிரா நின்னவ சார்."
அதற்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு
தெருவே அவள் கதவைத் தட்டும்.
"தண்ணி இன்னும் வர்ல, தூங்கிகினு கீறியா?"
முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடி வருவாள்.
கூட்டத்தின் பின்னால் நின்று
நானும் இரண்டு வார்த்தை கூடுதலாய்த் திட்டியிருக்கிறேன்.
ஓட்டுப் போடாதவளுக்கும்
அந்தக் கதவில் பாத்தியதை இருந்தது.
இவர் கதவு காட்பாடியில்.
எந்தத் தெரு என்று பியூனுக்கும் தெரியாது.

திரும்பும்போது ஒரே பஸ், ஒரே சீட்டு.
"எலக்சன் வந்தா நீ நிக்கணும் கன்னிகா."
"நின்னா?"
"தோக்கடிப்பேன்."

மலட்டாற்றுப் பாலம் தாண்டியும்
சிரிப்பு அடங்கவில்லை எங்களுக்கு.
கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது,
அந்தப் பதினோரு பேர் யாரென்று
அவளையே கேட்டிருக்கலாம்.