இடக்கை

கணவதிப்பிள்ளை அண்ணன் டோர்ச் பிடிக்கிறார்.
வெளிச்சம் என் முகத்தில் விழுகிறது.
"கொஞ்சம் கீழே, அண்ணன்."
நேற்று மத்தியானத்திலிருந்து
முக்கி முக்கி ஓய்ந்துபோய்
வட்டை ஓரத்துச் சேற்றில் கிடக்கிறது எருமை.
தொடையில் அவர்கள் குடியின் குறி,
சுட்டுப் பழுத்து ஆறிய கோடு.

மருத்துவபீடத்துக்கு எனக்குக் குறைந்தது
தசமத்துக்குப் பிறகு இரண்டாம் தானத்தில்
ஒரு நான்கு.
அதனால் பேராதனை, அதனால் அந்தக் குளிர்,
ஃபோர்மலினில் ஊறிய ஆடு ஒன்று
எங்கள் ஐந்து பேருக்கு.
"டாக்குத்தருக்குப் படிக்கிறாள்" என்பாள் அம்மா
ஆரையம்பதிச் சந்தையில்.
என்ன டாக்குத்தர் என்று யாரும் கேட்பதற்குள்
கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிடுவாள்.

இடக்கையைப் பழக்குங்கள் என்றார்கள் அங்கே,
வலக்கை எழுதட்டும்.
சோறு தொடாத கை,
காசு நீட்டாத கை,
கோயிலில் திருநீறு வாங்காத கை
தோள்வரை உள்ளே போய்
கண்ணில்லாமல் பார்க்கப் பழகியது.

அரச வைத்தியர் தடுப்பூசியோடு வாகரைப் பக்கம்.
போன் எடுபடவில்லை.
நான் லீவில் வந்த இறுதி வருடக்காரி,
பெயருக்குப் பின்னால் இன்னும் ஓர் எழுத்தும் இல்லை.
சோற்றுப் பானையில் அவித்த கயிறு,
அரைப் போத்தல் தேங்காயெண்ணெய்,
தோள்வரை நீளும் பிளாஸ்ரிக் உறை ஒன்று.
அது முதல் முக்கலிலேயே கிழிந்தது.

முன்னங்கால் ஒன்று.
மற்றது முழங்காலில் மடிந்து.
தலையைத் தேடுகிறேன்.
தலை இல்லை.
இன்னும் உள்ளே, விலாப் பக்கம்,
தன் நெஞ்சைத் தானே மோந்துகொண்டு
கிறுகிக் கிடக்கிறது தலை.

"என்ன புள்ள, நாகா கிடாவா?"

எருமை முக்குகிறது.
என் முழங்கை எலும்பு
அதன் இடுப்பெலும்பில் நசுங்குகிறது.
பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து
இரண்டு விரலைக் கன்றின் வாய்க்குள் வைக்கிறேன்.
உயிரிருந்தால் நாக்கு இறுகும்.
உயிரிருந்தால் உறிஞ்சும்.

வைத்தபடி எண்ணுகிறேன்.
பத்து.
இன்னொரு பத்து.
நாக்கு, நனைந்த துணிபோல.

இப்போது இந்த வட்டையில்
என் இடக்கைக்கு மட்டும் தெரியும்.
இதற்கு இங்கிலிசில் ஒரு சொல் படித்தேன்,
சிங்களத்தில் கூட்டாளி ஒருத்தி சொல்லித் தந்தாள்.
தமிழில் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"நாகா புள்ள?"

"தாயைத் தப்ப வைப்பம், அண்ணன்."

டோர்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
மறுகா அவர் கேட்கவில்லை.

தலையைத் திருப்ப ஒரு மணித்தியாலம்.
யோகவதி கயிற்றை இழுத்தாள்,
அவள் மாமனும் இழுத்தார்,
நான் சேற்றில் குதிகாலை ஊன்றினேன்.
நாகுதான்.
எருமை எழும்பி, கால் நடுங்கி நின்று
அதை நக்கத் தொடங்கியது.
நக்கிக்கொண்டே இருந்தது.
யோகவதி பாலுக்கு வைத்த வாளியை
ஓசையில்லாமல் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று தரம் சவுக்காரம் போட்டேன்.
காலை பஸ்ஸில் கையை உயர்த்திக்
கம்பியைப் பிடிக்க முடியவில்லை.
யாரோ இடம் தந்தார்கள்,
வாடைக்குப் பயந்தும் இருக்கலாம்.
இன்னொருவருடையதைப் போல
என் மடியில் கிடந்தது கை.

மண்முனைப் பாலத்தில் ஏறும்போது
பக்கத்துத் தாயின் மடியிலிருந்த குழந்தை
என் விரலைப் பிடித்தது.
வாய்க்குக் கொண்டுபோனது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.
எருமையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல்கள்
ஏழாம் விரிவுரை, முதல் பக்கம்.

குழந்தை அழவில்லை.
விரல் இல்லாத வாயில்
நாக்கு மட்டும்
உறிஞ்சிக்கொண்டிருந்தது,
பாலம் முடியும்வரை.