இடது மணிக்கட்டு

முப்பத்தெட்டுக் குப்பிகள்,
சுண்டுவிரல் நகமளவு மூடியோடு
பிஸ்கட் டப்பாவில் நெருக்கியடித்து நிற்கின்றன.
வெளிச்சம் ஆகாது அவற்றுக்கு,
அதனால் அலமாரியில், காலுறைகளுக்குப் பின்னால்.
சில இரவுகளில் ஒன்றைப் பூசிக்கொண்டு தூங்குவேன்.
தலையணைக்கு மட்டும் தெரியும்.

ஹாலே நகரில் ஒருத்தி
தன் சமையலறையில் கலக்குகிறாள்.
பெயரும் அவளே வைப்பது:
'பூட்டிய நூலகம்', 'பிழைத்த எலுமிச்சை',
'யாரும் இறங்காத நிறுத்தம்'.
பாதிக்கு மேல் பெயருக்காகவே வாங்கினேன்,
ஒத்துக்கொள்கிறேன்.

'பூட்டிய நூலகம்' என் தோலில்
முதல் பத்து நிமிடம் நூலகம்தான்.
பிறகு வெள்ளரிக்காய்.
மதியத்துக்குள் புதுச் செருப்புப் பெட்டி.
சோப்புக்கும் அடங்கவில்லை.
ஆறப்போட்டால் எண்ணெய்க்குப் புத்தி வரும் என்றார்கள்,
மூன்று வாரம் போட்டேன்.
வரவில்லை.

பக்கத்து மேசை யெலேனாவிடம் தள்ளிவிட்டேன்.
"சும்மா பூசிப் பாரேன்."

மறுநாள் காலை, வுப்பர்டால் தொங்கு ரயில்.
கீழே ஆறு கலங்கலாய் ஓடுகிறது.
ஆல்டர் மார்க்டில் ஏறியவள்
என் பக்கத்தில் உட்கார்ந்து
கையுறையைக் கழற்றுகிறாள்.

புகைந்த மரம். காய்ந்த பசை.
நனைந்த மழைக்கோட்டோடு யாரோ
வாசலில் வந்து நின்ற ஈரம்.

"ஐந்தே நிமிடம், எல்லாம் போய்விட்டது" என்கிறாள்,
குறைபோல.

திருப்பிக் கேட்க முடியாது.
கேட்டு வாங்கினாலும்
என் கைக்கு வந்ததும் வெள்ளரிக்காய்.

ஆறு நிறுத்தம் இருக்கிறது.
எதிரே ஜன்னலோர இருக்கை காலியாகிறது,
நகரவில்லை.
அவளுடைய இடது மணிக்கட்டுப் பக்கம்
தொலைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்து
சத்தம் வராமல்
இழுத்துக்கொண்டிருக்கிறேன் மூச்சை.