வண்டி திரும்பும் இடம்

எங்கள் ஹொன்னகுட்டே பஞ்சாயத்து
இருபத்தேழாம் எண் மின்கம்பத்தோடு முடிகிறது.
அடுத்த கம்பம் அடுத்த பஞ்சாயத்து,
அங்கே எண் மறுபடி ஒன்றிலிருந்து.
நடுவில் ஒரு சிறுபாலம்.
அதற்கு மட்டும் எண் இல்லை.
பெங்களூரு மாநகராட்சி இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்;
அதோடு எங்களுக்குப் பேச்சே கிடையாது.

காலை ஆறரைக்குக் குப்பை வண்டியோடு வந்து
ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்புவேன்.
ஏழேகாலுக்கு அந்தப் பக்கமிருந்து நாகவேணி வந்து
அவளும் ஒடித்துத் திரும்புவாள்.
மூன்று வருஷமாக டயர் வரைந்த இரண்டு வளைவுகள்
ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன.
இடையில் விழுவது யாருடையதும் இல்லை.

முதலில் ஒரு தலையணை.
பிறகு ஒரு உடைந்த கமோடு.
பிறகு ஆனேக்கல் சாலைக் கோழிக்கடைகளின் இறகு மூட்டைகள்.
உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று
எங்கள் ஆபீஸிலிருந்து கடிதம் போனது.
வேர் உங்கள் பக்கம் என்று பதில் வந்தது.
குப்பைக்கு வேர் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மரியபுஷ்பத்தின் வீடு சரியாகக் கோட்டின்மேல்.
சர்வேயர் நாடா பிடித்து
அடுப்படி இங்கே, குளியலறை அங்கே என்று
சுண்ணாம்பு இழுத்துவிட்டுப் போனார்.
வரி இரண்டு பக்கமும் கட்டுகிறாள்.
தண்ணீர் ஒரு பக்கமும் வருவதில்லை:
எங்கள் போர்வெல்லில் தண்ணீர் உண்டு, மோட்டார் எரிந்துபோனது.
அவர்களிடம் புது மோட்டார், அட்டைப்பெட்டியோடு;
போர்வெல்தான்
ஆயிரத்து இருநூறு அடியிலும் தூசி கக்குகிறது.

புரட்டாசி மழையில்
குப்பை நகர்ந்து பாலத்தின் வாயில் உட்கார்ந்தது.
வெள்ளம் அவள் அடுப்படியில் நுழைந்து
குளியலறை வழியாக வெளியேறிற்று,
ஒரு பஞ்சாயத்தில் வந்து
இன்னொன்றில் போயிற்று.
நிவாரண மனுவை எங்கே கொடுப்பதென்று
இரண்டு நாள் ஈரப்பாயோடு அலைந்தாள்.
மூன்றாம் நாள்
பாயைப் பாலத்தின் நடுவில் விரித்து
உட்கார்ந்துகொண்டாள்.
டேங்கர் நின்றது. பள்ளி வேன் நின்றது.
ப்ளாட் பார்க்க வந்த ஒரு வெள்ளைக் கார்
ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்புறம்தான் நாற்காலிகள் வந்தன,
இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு.
எங்கள் பி.டி.ஓ. பசவலிங்கையா வரைபடத்தை விரித்தார்.
ருக்ஸானா மேடம் தன்னுடையதை விரித்தார்.
ஒன்றில் பாலத்துக்கு அப்பால் வெறும் வெள்ளை.
மற்றதில் பாலத்துக்கு இப்பால் வெறும் வெள்ளை.
காற்று அடித்ததால்
இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
மரியபுஷ்பத்தின் செம்பைத் தூக்கி மேலே வைத்தார்கள்.
டீக்கு மட்டும் இரண்டு பில்.

அவர்கள் மோட்டார் நம் போர்வெல்லுக்கு,
தண்ணீரில் பாதி அவர்களுக்கு என்று எழுதினார்கள்.
(இன்னும் வரவில்லை. பெட்டியைப் பிரிக்க
ஒரு கையெழுத்து பாக்கியாம்.)
திங்கள், புதன், வெள்ளி இரு பக்கத் தெருக்களும் எனக்கு,
மற்ற மூன்று நாள் நாகவேணிக்கு.
டீசல் நோட்டில் அடுத்த ஊருக்குக் கட்டம் இல்லை;
'இதர' என்பதில் போடு என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

முதல் திங்கள்.
ஒடிக்கப் போன கையை அடக்கி
நேராக விட்டேன்.
அந்தத் தெரு முழுக்க ஓட்டினேன்,
ஒரு கதவும் திறக்கவில்லை.
ஜன்னலில் ஒரு சிறுமி எட்டிப் பார்த்து
உள்ளே போய்விட்டாள்.
கடைசி வீட்டுக்காரர் பல் துலக்கியபடி சொன்னார்:
நம்ம வண்டிப் பாட்டு இது இல்லையேம்மா.

சாயங்காலம் நாகவேணி பென்டிரைவோடு வந்தாள்.
தன் பாட்டைத் தந்து என் பாட்டை வாங்கிக்கொண்டாள்.
இப்போது இருபத்தேழாம் கம்பம் தாண்டியதும்
இடது கையால் பொத்தானை அழுத்துகிறேன்.
ஒன்று பாதியில் நின்று
மற்றது தொடங்குவதற்குள்
பாலத்தின்மேல் ஒரு நொடி
சத்தமே இல்லை.

அதைக் கேட்டுத்தான்
மரியபுஷ்பம் வாளியோடு வெளியே வருகிறாள்.