உருட்டிக்கொண்டு போனவர்

"இப்பல்லாம் சைக்கிள்ல யாருங்க போறாங்க?"
என்றார் மாநகராட்சிப் பொறியாளர்,
எங்கள் மனுவின் மேல் டீ கிளாஸை வைத்தபடி.
குழந்தைசாமி பல் டாக்டர்.
எதையும் உடனே பிடுங்கிவிட மாட்டார்.
"எண்ணிக்கொண்டு வருகிறோம்" என்றார்.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு
காங்கயம் ரோட்டில், பூட்டிய பேக்கரிக்கு முன்னால் நான்.
கையில் கவுண்ட்டர்.
செக்கிங் செக்‌ஷனில் பனியன் எண்ணுகிற அதே கவுண்ட்டர்தான்.
கட்டைவிரலுக்குப் பழக்கம்,
என்ன எண்ணுகிறோம் என்று அது கேட்பதில்லை.

முதலில் பால் கேன்கள்.
பிறகு ஹேண்டில்பாரில் தூக்குப்போசி ஆட
நைட் ஷிப்ட் முடிந்த வாட்ச்மேன், கண் பாதி மூடி.
கேரியரில் இரண்டு பெட்டி நூல் கோன்,
பெட்டிமேல் கயிறு, கயிற்றின்மேல் நம்பிக்கை.
பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் செருப்பு.
தூறல் விழுந்ததும்
துணி பேக் செய்கிற கவரைத் தலையில் மாட்டிக்கொண்டு
ஒரு கும்பல் போயிற்று,
எல்லார் நெற்றியிலும் 'எக்ஸ்எல்'.

ஏழு மணிக்கு ஒருவர் உருட்டிக்கொண்டு வந்தார்.
பின் டயரில் காற்றில்லை.
திலேஸ்வர், ஒடிசா, டையிங்கில் வேலை.
பஞ்சர் கடை எங்கே என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்டார்.
சொன்னேன். எட்டு மணிக்குத்தான் திறப்பான் என்பதையும் சொன்னேன்.
சிரித்துவிட்டு உருட்டினார்.

இவரைச் சேர்ப்பதா, வேண்டாமா?
டாக்டருக்குப் போன் போட்டேன்.
நெடுநேரம் யோசித்து,
"ஓட்டறவங்க கணக்குதானே நமக்கு" என்றார்.
சரிங்க என்றேன்.
அழுத்தினேன்.

எட்டே முக்காலுக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
அதில் ஒருவர்கூட
எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு வந்தவரில்லை.

ஞாயிறுதோறும் நாங்கள் நாற்பது பேர்.
ஹெல்மெட், கண்ணாடி, இளம்பச்சை ஜெர்ஸி,
முதுகில் 'மிதிப்போம் திருப்பூர்'.
முடிவில் வாழைப்பழம், ஒரு போட்டோ.
அந்த ஜெர்ஸிக்குக் கை மூட்டியது கனகமணி,
எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர்,
நல்லூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர்.
கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"ஞாயித்துக்கெழம சைக்கிள எடுக்கச் சொல்றீங்களே,
அன்னைக்கு ஒருநாள்தானுங் அதுக்கும் எனக்கும் லீவு."

கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன்.
யாரோ இருமினார்கள்.
அடுத்த ஊர்வலத்தைச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றினார் டாக்டர்,
சம்பளம் கொடுத்து ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு.

எட்டரைக்கு கேட் திறந்தது.
கொடியசைக்க ஆள் வைத்திருந்தோம்.
அவர் கொடியை விரிப்பதற்குள்
சைக்கிள்கள் கிளம்பிவிட்டன.
யாரும் தொடங்கிவைக்காமல்
தினமும் தொடங்குகிற ஒன்றுக்குள்
நாங்கள் நாற்பது பேரும் எப்படியோ நுழைந்துகொண்டோம்.
முன்னால் தக்காளிப் பை, புரோட்டாப் பொட்டலம்,
கேரியரில் தூங்கி வழிகிற பையன்.
பின்னால் ஹாரன் அடித்த டெம்போ
கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்து விட்டுவிட்டது.
மேம்பாலத்தின் ஏற்றத்தில்
டாக்டரின் எழுபதாயிரம் ரூபாய் சைக்கிளை
மணியடித்து முந்தினார் கனகமணி.

மூன்று மாதம் கழித்துக் கோடு வந்தது.
வெள்ளைக் கோடு, முந்நூறு மீட்டர்,
பேக்கரியிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை.
அதன்மேல் இப்போது ஒரு காளான் வண்டி நிற்கிறது,
சாயங்காலமானால் நல்ல வியாபாரம்.
சைக்கிள்கள் வளைந்து போகின்றன.
மறுபடி மனு எழுதுகிறோம்,
வண்டிக்காரரை எங்கே நகர்த்துவது என்பதையும் சேர்த்து.

பழைய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது.
மொத்தம் 1,142 என்று டைப் அடித்திருந்தார்கள்.
டாக்டர் நேர்மையானவர்.
நான் பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.