கிராண்டில் நிறம் பச்சை

பாலிக் பூலாவில் டுரியான் கொட்டகைக்குப் பின்னால்
கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த மோட்டார்.
அறுநூறு வெள்ளி என்றான். ஐந்நூற்றைம்பதுக்கு முடிந்தது.
எச்சத்தைக் கழுவித் தரமாட்டேன் என்றான்.
பரவாயில்லை என்றேன்.

ரெலாவ் அடுக்குமாடி, புளோக் சி.
குப்பைத் தொட்டிக்கும் படிக்கட்டுக்கும் நடுவே
என் பட்டறை: ஒரு தார்ப்பாய், இழுத்துக் கட்டிய ஒரு பல்பு,
பிஸ்கட் டின்னில் போல்ட்டுகள்.
பயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் முடித்து வருவேன்.
எட்டு மணி நேரம் உருப்பெருக்கிக்கு அடியில்
அரிசியைவிடச் சின்னச் சில்லுகளைப் பார்த்த கண்ணுக்கு
இருபத்தோரு அங்குல முன்சக்கரம்
ராட்டினம் மாதிரி தெரியும்.

அதைக் கழற்றிப் பதினேழு போட்டேன்.
பின் ஸ்ப்ராக்கெட்டில் எட்டுப் பல் குறைத்தேன்.
இனி மலை ஏறாது, நேராக ஓடும்.
முன் ஃபோர்க் ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் அறுக்கையில்
கெங் சூன் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னான்:
"அறுத்தா ஒட்டாது, பூர்ணா."
வெல்டிங்காரன் பேசும் பேச்சா இது.

சீட்டுக்கு அடியில் சட்டத்தை வெட்டினோம்.
குழாய்க்குள்ளிருந்து செம்மண் கொட்டியது,
ஒரு குவளை இருக்கும்.
யார் விழுந்ததோ, எந்த வருஷத்து மழையோ.
பெருக்கித் தள்ளினேன்.
மறுநாள் உலுக்கினால் மறுபடியும்.
மூன்றாம் நாளும்.
"உள்ளே ஒரு மலையே இருக்கும் போல"
என்றாள் துணி எடுக்க இறங்கி வந்த நாலாம் மாடி ரொஹானா.

விளக்கு, கண்ணாடி, ஹாரன்
எல்லாவற்றையும் பழைய ஆள் பிடுங்கிப் போட்டிருந்தான்.
காட்டில் எதற்கு?
எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று
மரம் கேட்காது.
சிக்னல் ஜெலுத்தோங் கடையில் ஜோடி பதினெட்டு வெள்ளி.
வயர் இழுக்க இரண்டு வாரம்.
இடம் அழுத்தினால் வலம் மின்னியது.
வலம் அழுத்தினால் ஹாரன்.
பதினொரு வருஷம் தனியாக இருந்தவளுக்கு
இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.
போகுமிடம் சொல்லிவிட்டுப் போவது
சட்டென்று வருகிற பழக்கமா?

கறுப்பு அடிக்கத்தான் ஆசை.
கிராண்டில் நிறம் பச்சை என்று இருந்தது.
மாற்றலாம்தான். பாரம், வரிசை, ஒரு நாள் லீவு.
லீவு இல்லை.
பச்சையே அடித்தேன்.

பரிசோதனைக்காரர் சேசிஸ் எண்ணைத் தேடி
கைவிளக்கோடு குனிந்தார்.
விரலால் துடைத்தார். விரலில் செம்மண்.
ஒன்றும் சொல்லாமல் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் வரை போனேன்.
கண்ணாடியில் நான் இருந்தேன், எனக்குப் பின்னால் பஸ் இருந்தது.
சிவப்பு விளக்குக்கு எல்லோரோடும் நின்றேன்.
பக்கத்துக் காப்சாய்ப் பையன் கேட்டான்,
"அக்கா, இது என்ன மோட்டார்?"
யோசித்தேன்.
"பச்சை" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழி, பாயா தெருபோங் சரிவு.
குழாய் போட ரோட்டைத் தோண்டியிருந்தார்கள்.
நூறடிக்குச் செம்மண், முந்தின ராத்திரி மழை வேறு.
காடிகள் ஊர்ந்தன.
என்ன செய்கிறேன் என்று நினைக்கும் முன்னே
எழுந்து நின்றிருந்தேன்,
இரண்டு காலும் மிதியில், முழங்கால் தளர்ந்து,
யாரும் எனக்குச் சொல்லித் தராத நிலையில்.
மோட்டார் என்னிடம் கேட்கவில்லை.

பள்ளம்.

அறுத்த இரண்டு அங்குலம்
அங்கேதான் எனக்காகக் காத்திருந்தது.
அடிவயிறு கல்லில் இடித்து டங்கென்றது,
பல் வரைக்கும் ஏறியது.
ஆனாலும் அந்தப் பக்கம் ஏறிவிட்டோம்,
சேறு பூசிக்கொண்டு, விழாமல்.

பின்னால் ஒருவர் காடிக் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.
சேறு தெறித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன்.
அது இல்லை.
ஆயர் ஈத்தாம் விளக்கிலிருந்து
என் வலது சிக்னல் மின்னிக்கொண்டே வந்திருக்கிறது.