புள்ளி

வால்டிவியாவில் ஜூலை மழை
விட்டு விட்டுப் பெய்வதில்லை. பெய்கிறது.
இரவு பதினொன்றுக்கு மின்சாரம் போனது.
ஆய்வகத்தில் இக்னாசியா ஓயர்சூன் மட்டும்
உறைபெட்டிக் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறாள்,
உள்ளே இருக்கும் மைனஸ் எண்பது
நழுவிவிடக் கூடாதென்று.
திறக்காதவரை நான்கு மணிநேரம் தாங்கும்
என்று எழுதி ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவளும் அவள்தான்.

உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
துண்டு துண்டாக.
பெயர் கிடையாது, எண்தான்.
நூற்றுப் பதினேழுக்கு மூன்று குப்பிகள்:
மார்பில் இருந்த கட்டியின் நடுவிலிருந்து ஒன்று,
அதன் ஓரத்திலிருந்து ஒன்று,
இரண்டு வருடம் கழித்து
நுரையீரலிலிருந்து ஒன்று.

பகலெல்லாம் அவள் எண்ணிக்கொண்டிருந்தது
மைக்ரோ ஆர்.என்.ஏ.
இருபத்திரண்டு எழுத்து நீளம், அவ்வளவே.
ஒரு புரதமும் செய்யத் தெரியாது.
நெடுநாள் அதைக் கண்டவர் இல்லை,
அது இருந்த பக்கத்தைக் குப்பை என்று
தள்ளி வைத்திருந்தார்கள்.
அது செய்வதெல்லாம்
நீளமான ஒரு கட்டளையின் வால்பக்கம் போய் உட்கார்ந்து
சும்மா இரு என்பது.

தமிழில் இதற்கு ஒரு குறி உண்டு.
எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் நீங்கி மெய் மட்டும் நிற்கும்.
ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள்,
ஓலை பொத்துப்போகும்.
படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.
செல்லுக்கு ஊகிக்கத் தெரியாது.
புள்ளி இல்லையா,
உயிரோடு சேர்த்தே வாசிக்கும், உரக்க.

இருநூறு என்று எண்ணையே பெயராகக் கொண்ட
ஒரு குடும்பம் இருக்கிறது.
செல்களைக் கைகோத்து நிற்க வைப்பது அதன் வேலை.
கலைந்து போங்கள் என்று ஒரு மரபணு
வாயெடுக்கும்போதெல்லாம் போய் அதன்மேல் புள்ளி வைக்கும்.

முதல் குப்பியில் அது நிறைய.
இரண்டாவதில், ஓரத்தில், ஏறக்குறைய இல்லை.
அங்கே கைகள் விட்டுப்போயிருந்தன.
செல்கள் நீண்டு, மெலிந்து,
நியேப்லா துறையில் கோரால் படகைப் பிடிக்க
மழையில் ஓடுகிறவர்களைப்போல்
ரத்தத்தில் இறங்கியிருந்தன.
வேறு சில புள்ளிகளுக்கு வேறு வேலை.
இருபத்தொன்று என்பது பெருகிப் பெருகி
பிரேக்குகளின் தலையில் உட்காரும்.
சில, கட்டியிலிருந்து பொட்டலமாய்க் கிளம்பி,
கூட்டம் வருமுன்பே தூரத்து உறுப்பில்
துண்டு போட்டு இடம் பிடிக்கும்.

மூன்றாவது குப்பியில் இருநூறு
இருக்காது என்று நினைத்திருந்தாள்.
வழிந்தது.
கருவியைச் சந்தேகித்தாள். கையைச் சந்தேகித்தாள்.
மூன்று முறை ஓட்டினாள்.
குறிப்பேட்டில் மார்ச் மாதமே அதற்கு நேராகப்
பச்சை மையில் எழுதியிருந்தாள்: நல்லவன்.

டாக்டர் வால்டோ ஷ்வெர்ட்டர்
கோட்டு மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார்.
'போய்ச் சேர்ந்த பிறகு
மறுபடி கைகோத்தால்தானே குடியேற முடியும்?'
குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புறப்படாதே என்று நின்றதும் அது.
வந்த இடத்தில் வேர்விடு என்றதும் அது.
இக்னாசியாவுக்குக் கோபம் வந்தது,
வைக்க இடமில்லாத கோபம்.

படிவத்தில் ஒன்று மறைக்கப்படாமல் விட்டுப்போயிருந்தது.
தொழில் என்ற இடத்தில்: ஆற்றோர மீன் சந்தை.
அன்றுமுதல் சனிக்கிழமைகளில்
அங்கே மீன் வாங்கும்போது அவள் முகங்களைப் பார்ப்பதில்லை.
கத்தி பிடித்த கைகளையும் பார்ப்பதில்லை.
எறியும் குடலுக்காகப் படிக்கட்டில் புரளும்
கடற்சிங்கங்களைப் பார்த்தபடி
காசை நீட்டுகிறாள்.
'தலையை எடுத்துவிடவா, செனோரா?'
எந்தக் குரல் என்று திரும்பாமல்
ஆம் என்கிறாள்.

இரண்டே முக்காலுக்கு விளக்கு வந்தது.
மைனஸ் எழுபத்தொன்று.
சற்று நேரத்தில் எழுபத்திரண்டு.
முதுகு மரத்துப்போயிருந்தது.
நல்லவன் என்பதை அடித்தாள்.
கெட்டவன் என்று எழுதப் போய்
யோசித்தபடி பேனாவை ஊன்றிய இடத்தில்
பச்சை ஊறிப் பரவியது.
எடுக்க மறந்தாள்.

அடுத்த பக்கத்திலும் தெரிந்தது அது.
அதைச் சுற்றி எழுதினாள்:
117, மூன்றாம் குப்பி, மிகுதி.
பிறகு மின்கெட்டிலைப் போட்டாள்.
பசித்தது.