எள்ளுப்பூத் தேன்

நெல் வெட்டின கையோடு
ஈரம் காயுமுன்னே எள்ளு விசிறினோம்.
கூழாமுறிப்பில் மூன்று ஏக்கர்.
சித்திரை கழிய இடுப்பளவில் பூ.

வெள்ளையென்றால் பொய்.
ஊதாவென்றாலும் பொய்.
தோய்த்துத் தோய்த்து வெளிறின
பள்ளிக்கூட ரிப்பன் நிறம்.

வரம்போரம் நாலு பெட்டி, திட்டத்தில் தந்தவை.
கால்களுக்குக் கீழே சிரட்டையில் கழிவொயில்,
எறும்பு ஏறாது.

காட்டில் வேறு பூ இல்லாமலில்லை.
ஆனாலும் விடியப்புறம் ஒருத்தி எள்ளுக்குள் புகுந்து
முதுகெல்லாம் மாவாய் வந்து
அடையில் நின்று இடுப்பை ஆட்டினாள்.
அவ்வளவுதான்.
பிறகு அந்தப் பெட்டிக்கு
உலகத்தில் ஒரு பூத்தான்.

பின்னேரம் கொட்டிவிடுகிற பூ.
அதற்குள் போய்வந்து போய்வந்து
அவர்கள் கொண்டுவருவதும் தண்ணீர்தான்,
கொஞ்சம் இனிப்பு ஊறினது.
உள்ளே நிற்பவளின் வாய்க்கு மாற்றுவாள்,
அவள் இன்னொருத்திக்கு.

வாய்க்கு வாய் மாறித்தான்
ஞானசீலனைக் கண்ட கதையும் வந்தது.
பூசாவில் என்றார்கள்,
பிறகு ஏதோ பஸ்ஸில், தாடியோடு.
மாற மாற அது நீர்த்துப் போயிற்று.
இது தடிக்கிறது.

இரவில் பெட்டியில் காது வைத்தால்
தூரத்தில் மழை பெய்கிற சத்தம்.
மழையில்லை.
செட்டையடித்துத் தண்ணீரை விரட்டுகிறார்கள்.

கந்தோர்ப் பெடியன் டிலக்சன்
லேபல் கொண்டுவந்தான்.
ஒரே பூவென்றால் விலை கூடவாம்.
"வேற பூ கலக்கேல்லையெண்டு
எப்படியக்கா தெரியும்?"
விரலில் தொட்டுக் கொடுத்தேன்.
நக்கிவிட்டு, கடைசியில் ஒரு கசப்பு நிக்குது என்றான்.
அதுதான், ஒட்டு என்றேன்.

ஆனியில் எள்ளு உதிர்த்து மூட்டை கட்ட
மச்சான் தவபாலன் வருவார்,
ஒரு சுண்டு தனியாக அள்ளிவைப்பார்.
"ஆடி அமாவாசை வருது.
பெடியனும் வளந்திட்டான்.
இந்த முறையாவது தேப்பனுக்கு
எள்ளும் தண்ணியும் இறைக்கட்டும்."
பதினாறாவது முறை.

நான் அடையைத் தூக்கி
வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன்.
மேலே வெள்ளையாய் மெழுகு மூடின கண்கள்,
கீழே இரண்டு விரலகலம் இன்னும் மூடாமல்
மினுங்கிக்கொண்டிருந்தது.

"மூடாத கண்ணில கத்தி வைக்கக் கூடாது மச்சான்,
புளிச்சுப் போகும்" என்றேன்.

அவர் சுண்டைக் கொட்டவில்லை.
மூட்டைக்குப் பக்கத்தில்
அப்படியே வைத்துவிட்டுப் போனார்.